வலது பக்கம் என்னுடையது

கீழே விழுந்தவுடன் முதல் வேலையாக, யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். படுத்த வாக்கிலேயே பார்த்தேன்.

காலை பத்து மணி இருக்கும். ஏப்ரல் விடுமுறை. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது திருப்பம். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, மூடினோம் என்று பேர் பண்ணிவிட்டுப் போயிருந்த இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. அந்த ஜல்லியில் என் வலது முழங்கை. பக்கத்தில் மோட்டார் சைக்கிள், அதுவும் வலது பக்கமாகவே. பின் சக்கரம் மெல்லச் சுற்றிச் சுற்றி நின்றது. பெட்ரோல் வாசனை அடித்தது.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன். மலைகளும் ஆறுகளும் எங்கே இருக்கின்றன என்று இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், அன்று தரை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாகக் கண்ணை மூடப் போனபோது, தலைக்கு மேலே குரல் கேட்டது.

"ஐயோ டீச்சரம்மா! ஏனாயித்து? அடி பட்டுச்சா?"

கீரைக்காரி ரத்னம்மா. தினமும் காலையில் "சொப்பூ" என்று கீரையைக் கன்னடத்தில் கூவிக்கொண்டு தள்ளுவண்டி கொண்டுவருகிறவள். அவள் வண்டி குறுக்கே வந்ததால்தான் நான் பிரேக் போட்டேன். போட்டதாக நினைத்தேன்.

இடது கையின் பழக்கம்

இருபது வருடமாக நான் ஓட்டுவது ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது பிரேக். எதிரே மாடு வந்தாலும், மந்திரி வந்தாலும், இடது கையை இறுக்கினால் வண்டி நிற்கும். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில், அதே மாதிரி இருப்பது கிளட்ச். அதை இறுக்கினால் வண்டி நிற்காது. எஞ்சினின் பிடியும் விட்டுப்போய், எண்ணெய் போட்ட மாதிரி இன்னும் சுகமாக உருளும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவேன். ஆனால் கைக்குத் தெரியாதே! ரத்னம்மாவைக் கண்டதும் என் இடது கை உயிரைக் கொடுத்து கிளட்சைப் பிடித்தது. வண்டி நிற்காமல் போகவும், பதறி வலது கையையும் சேர்த்துப் பிடித்தேன். அது முன் பிரேக். கீழே ஜல்லி. அவ்வளவுதான்.

எதற்கு இந்த வயதில் இந்த வேலை என்று கேட்பீர்கள். ஆசைதான். வேறு காரணம் சொன்னால் அது பொய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் என் மகள் ஷெரின் என்னைப் பின்னால் உட்கார வைத்து நந்தி மலைப் பக்கம் அழைத்துப் போனாள். திரும்பி வரும் வழியெல்லாம், முன்னால் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வண்டி ஷெரினுடையது. வைட்ஃபீல்டில் வேலை. வார நாட்களில் ஆபீஸ் கேப் வந்து கூட்டிப் போய்விடும். சனி ஞாயிறுக்காக அந்த வண்டி எங்கள் காம்பவுண்டில் காத்துக்கிடக்கும். கடன் போட்டு, பல நாள் என்னோடு சண்டை போட்டு வாங்கிய வண்டி. விடுமுறை விட்டதும் ரகசியமாக எல்எல்ஆர் வாங்கினேன். மகள் கேப் ஏறியதும், கணவர் வேலைக்குக் கிளம்பியதும், நான் சாவியை எடுப்பேன். லைசென்ஸ் உள்ளவர் கூட இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் மீறினேன். ஐந்து நாள் நன்றாகத்தான் ஓட்டினேன். ஆறாம் நாள் ரத்னம்மா.

நான் ஹேண்டிலைப் பிடிக்க, அவள் பின்பக்கத்தைப் பிடிக்க, இருவரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினோம். வலது கண்ணாடி நொறுங்கியிருந்தது. இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது. முன் பிரேக் லீவர் வெளியே பார்த்து வளைந்திருந்தது. கால் பிரேக் உள்ளே போய் எஞ்சினை முட்டிக்கொண்டிருந்தது. சைலன்சரில் நீளமாக ஒரு கீறல். நீல டாங்கின் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய் வெள்ளையாகத் தெரிந்தது.

"ரத்னம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யாக்கே சொல்றேன் டீச்சரம்மா? யாராவது கேட்டாத்தான் சொல்லுவேன்."

அவளிடமிருந்து அரைக்கீரை, தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, சப்சிகே சொப்பு என்று எட்டுக் கட்டு வாங்கினேன். வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லை.

திருஇருதயப் படத்துக்குப் பின்னால்

என் பயம் வலியைப் பற்றியது இல்லை. எங்கள் வீட்டுப் பீடத்தில் இயேசுவின் திருஇருதயப் படம் இருக்கிறது. அதன் பின்னால் மடித்துச் செருகிய ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாள்தான் பயம்.

வண்டி வாங்கச் சம்மதித்த அன்று ஷெரினிடம் எழுதி வாங்கியது. டீச்சர் புத்தி, வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. 'ஒரு முறை விழுந்தாலும் வண்டியை விற்றுவிட வேண்டும்.' கீழே அவள் கையெழுத்து. சாட்சி, லூர்து. லூர்து என்பது என் வீட்டுக்காரர்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஷெரின் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மழை நாளில் இவர் பைக்கோடு சறுக்கி, லாரிக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தார். காலுக்குள் கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் மாவுக்கட்டு. கட்டுக்குள் அரிக்கிறது என்று என் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டிருப்பார். பிள்ளைக்கு அது வேடிக்கை. எனக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே கை சில்லிட்டுப் போகும், இப்போதும். "இனிமே கியர் வண்டியைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்று அவருக்கு அன்று போட்ட தடை இன்னும் அமலில் இருக்கிறது.

இவ்வளவு பயமும் வைத்துக்கொண்டுதான் நான் சாவியை எடுத்தேன். மனுஷ மனசுக்கு நியாயம் கேட்டால் எங்கே போவது?

வண்டிக்குப் பாதுகாப்பு ஒன்றும் குறைவில்லை. ஷோரூமிலேயே சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து, வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் ஏற்றி இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நேராக மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் மந்திரித்து, தீர்த்தமும் தெளித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் யார் அருளையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இரண்டு பக்கத்துக் காவலும் இருந்தும் விழுந்தேன் என்றால், அது என் திறமை.

ஆக, சட்டப்படி வண்டி போக வேண்டும். விழுந்தது நான். பறிபோவது ஷெரினின் வண்டி. சட்டம் போட்டதும் நான். கட்டிய வீட்டுக்குக் கதவு வைக்க மறந்தவள் மாதிரி, முழங்கையைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டில் நின்றேன்.

சரி, மறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மறைப்பது எனக்குப் புதிதா? ஏழாம் வகுப்பில் வாடகை சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தபோது, அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கோடையில் மூன்று நாள் முழுப்பாவாடை கட்டித் திரிந்தேன். பாவாடை புண்ணோடு ஒட்டிக்கொண்டது. ராத்திரி தண்ணீர் விட்டு ஊற வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தேன். அம்மா அடிக்க மாட்டாள். அழுவாள். அதனால்தான் சொல்லவில்லை.

தெரியாத கடை

எங்கள் ஏரியா மெக்கானிக்குகளிடம் போக முடியாது. மூன்று பேருமே ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்காருகிறவர்கள். சாமியார் பிரசங்கம் முடிப்பதற்குள் விஷயம் கோவில் முழுக்கப் பரவிவிடும்.

அப்போதுதான் தள்ளியிருக்கும் அடுகோடி நினைவுக்கு வந்தது. முன்பு இவர் அந்தப் பக்கம் வேலை பார்த்தபோது, நயாஸ் பாய் என்பவரின் கடையில்தான் பைக்கை விடுவார். அந்த வேலையை விட்டுப் பல வருடமாயிற்று. நயாஸ் பாய்க்கு என்னை எங்கே நினைவிருக்கப் போகிறது? ஒரு லக்கேஜ் ஆட்டோ பிடித்து, வண்டியைக் கயிறு போட்டுக் கட்டி, கையில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நயாஸ் பாயின் தாடி மட்டும் நரைத்திருந்தது. வண்டியை இறக்கி, முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். முன் சக்கரத்தை முட்டிக்குள் இடுக்கி ஹேண்டிலை ஒரு திருப்பு திருப்பினார். லீவரைத் தொட்டார். குனிந்து கால் பிரேக்கைப் பார்த்தார்.

"ஃபோர்க் நல்லா இருக்கு மேடம். பெருசா ஒண்ணுமில்ல. டென்ஷன் நக்கோ, வேணாம். லீவரு, கண்ணாடி, இண்டிகேட்டரு. ப்ரேக் பெடல நிமித்திடலாம். ரெண்டு மணி நேரம், பஸ், அவ்ளோதான்."

எனக்கு உயிர் வந்தது. டாங்கின் பெயிண்டையும் சரிபண்ண முடியுமா என்று கேட்டேன்.

"பண்ணலாம். கலர் நம்பர் எங்கிட்ட இருக்கு. போன வாட்டி லெஃப்ட் சைடுக்குப் போட்டது தானே?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். கடைசி பெஞ்சில் உதடு அசைந்தாலே கண்டுபிடிக்கிறவள் நான்.

"போன வாட்டின்னா?"

"அரே, வேற வண்டி மேடம். இதே மாதிரி நீலம்."

"நயாஸ் பாய்."

அந்த இரண்டு வார்த்தையை நான் வகுப்பறைக் குரலில் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"பொண்ணு வந்துச்சு மேடம். சார் கூட. பிப்ரவரில. லெஃப்ட் சைடு. கிளட்ச் லீவரு, கியர் லீவரு, கண்ணாடி. மேடம்க்குத் தெரியக் கூடாதுன்னு சார் ரொம்பக் கேட்டுக்கிட்டாரு."

பிப்ரவரி. ஆபீஸ் படிக்கட்டில் கால் பிசகிவிட்டது என்று ஷெரின் நொண்டிக்கொண்டு வந்த மாதம். ஒரு வாரம் தைலம் தேய்த்தேன். பிள்ளைகள் விழுகிற மாதிரி படிக்கட்டு கட்டியிருக்கிறீர்களே என்று அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். "பாவம் ஸ்டெல்லா, விட்டுடு" என்று பேனாவைப் பிடுங்கி வைத்தவர் இந்த லூர்து.

நயாஸ் பாய் பேச்சை மாற்ற வண்டியின் பின்பக்கம் போனார். அங்கே சிவப்பு விளக்கின் கண்ணாடியைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். மற்றதெல்லாம் மங்கியிருக்க, அது மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தது.

"அதுவும் அவளா?"

"அது நக்கோ மேடம். அத வீட்லயே கேளுங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

யாருக்கும் தெரியாத கடை என்று நான் தேடிப்போனேன். எனக்கு முன்னால் என் குடும்பமே அதே காரணத்துக்காக அங்கே வந்து போயிருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வசனம் தயார் செய்தேன். ஆனால் கைக்குட்டையில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. இந்தக் கையை நீட்டி யாரைக் கேட்பது? கோபம் வடிந்தபின் அடியில் மிஞ்சியது வேறு. என் பிள்ளை விழுந்திருக்கிறாள், நான்தான் தாய், எனக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியவில்லை. அங்கே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன்.

நயாஸ் பாய் திரும்பி வந்ததும் சொன்னேன்: "பாய், பிரேக் ரெண்டையும் மட்டும் சரி பண்ணுங்க. அது ஆபத்து. கண்ணாடி, இண்டிகேட்டர், பெயிண்ட் எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"அப்படியேவா? பாத்தா தெரியுமே மேடம்."

"தெரியட்டும்."

ஏழு மணி கேப்

லக்கேஜ் ஆட்டோவிலேயே திரும்பி வந்து, காம்பவுண்டில் வண்டியின் வலது பக்கம் கேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். லூர்து ஆறு மணிக்கே வந்தார். வண்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அடுக்களையில் எட்டுக் கட்டுக் கீரையைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் முறத்தை எடுத்து வைத்துக் கீரை ஆயத் தொடங்கினார். குடும்பம் நடத்தத் தெரிந்தவர்.

ஏழு மணிக்குக் கேப் வந்து நின்றது. ஷெரின் ஐடி கார்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். தொங்குகிற இண்டிகேட்டர். உடைந்த கண்ணாடி. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நான். வண்டியைக் கண்டதுமே பிப்ரவரி விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்து அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மம்மி… நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

"வர்த்தூர் ரோட்ல ஒரு பள்ளம். ஸ்பீடெல்லாம் இல்ல. சாமி சத்தியமா ஸ்பீடு இல்ல. லெஃப்ட்ல சாஞ்சிட்டேன். கால் மேல வண்டி விழுந்துடுச்சு."

வாயைத் திறந்து, "இது நான் போட்டது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். பிப்ரவரியில் எனக்குக் கிடைக்காததை இப்போது முழுசாக வாங்கிக்கொள்ளலாம் என்ற பேராசை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"ரோட்டு ஓரத்துல உக்காந்து ஃபோன எடுத்தேன் மம்மி. உங்க நம்பரத்தான் எடுத்தேன். அப்போ வேற யாரும் வேணும்னு தோணல. நீங்க மட்டும் வந்தா போதும்னு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பேப்பர் ஞாபகம் வந்துச்சு. டாடிக்கு அடிச்சேன்."

அவளைக் காப்பாற்றத்தான் அந்தத் தாளை எழுதி வாங்கினேன். அது செய்தது ஒன்றே ஒன்று. அவள் விழுந்து கிடந்த நேரத்தில் நான் அங்கே போகாதபடி பார்த்துக்கொண்டது.

"ஷெரின், நீ விழுந்தது எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்."

"இது எந்தப் பக்கம் பாரு."

பார்த்தாள். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் நைட்டியின் முக்கால் கையைச் சுருட்டி, முழங்கைக் கட்டைக் காட்டினேன்.

"வலது பக்கம் என்னுடையது."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தடவினாள்.

"தலைல அடிபட்டுச்சா? ஹெல்மெட் போட்டிருந்தீங்களா? வாந்தி வந்துச்சா?"

"இல்லடி. கிளட்சப் பிரேக்குன்னு பிடிச்சுட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அதையேதான் செய்தேன்.

திருத்தம்

திருஇருதயப் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஷெரின் குரல் இறங்கிவிட்டது. "விக்கப் போறீங்களா மம்மி?"

சிவப்புப் பேனாவை எடுத்தேன். விடைத்தாள் திருத்தும் அதே பேனா. 'வண்டியை விற்றுவிட' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். மேலே, 'அந்த நிமிடமே வீட்டுக்குச் சொல்ல' என்று எழுதினேன். படித்துக் காட்டினேன்: ஒரு முறை விழுந்தாலும் அந்த நிமிடமே வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

"கேக்கறவங்க கத்தக் கூடாது. அதையும் எழுதுங்க" என்றாள் ஷெரின்.

அதையும் எழுதினேன், கொஞ்சம் சின்ன எழுத்தில். அவள் கையெழுத்துப் போட்டாள். நான் போட்டேன். பேனாவை லூர்துவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. முறத்தில் ஆய்ந்து முடித்த வெந்தயக்கீரையை மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, கையெழுத்து."

"ஒரு சந்தேகம்."

"என்ன?"

"போன மாசம் பன் வாங்கப் போனேன். பேக்கரி ஏத்தத்துல வண்டி பின்னாடி உருண்டு, சுவத்துல போய்ச் சாஞ்சுது. பின் லைட்டு உடைஞ்சுது. சாஞ்சது விழுந்ததுல சேருமா?"

"டாடி! பால்காரர் இடிச்சுட்டாருன்னு சொன்னீங்களே!"

பளிச்சென்ற அந்தச் சிவப்புக் கண்ணாடி எனக்கு நினைவுக்கு வந்தது. உடனே மழை நாளும், லாரியும், மாவுக்கட்டும் வரிசையாக வந்தன. கம்பி வைத்த காலோடு, தொடக் கூடாது என்று நான் சொன்ன கியர் வண்டியில், ஒரு பன்னுக்காக! கத்துவதற்கு வாய் திறந்தேவிட்டது. தாளில் மை இன்னும் காயவில்லை.

"கால்ல அடிபட்டுச்சா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்ல ஸ்டெல்லா" என்றார். கீரைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கினார்.